இடம் எழுதாத ஏழு பேர்

1

இந்த வாரத்தோடு நான் மலாக்காவுக்கு வந்து நான்கு வருடம் முடிகிறது. கோவில்பட்டியிலிருந்து கடிதம் போடும் என் அக்கா இந்த நான்கு வருடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கே கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய்? அவள் கடிதத்தின் ஓரத்தில், கிடைத்த இடத்தில் நெருக்கி எழுதும் அத்தானும் அதையேதான் கேட்கிறார், கொஞ்சம் மரியாதையாக. நானும் ஒவ்வொரு தடவையும் "நல்ல வேலை, ஏசி ரூம்" என்று எழுதித் தப்பித்து வந்தேன். ஏசி ரூம் என்பது பொய்யில்லை. ஆனால் அது எனக்காக வைத்த ஏசி அல்ல, செர்வருக்காக வைத்தது. செர்வர் தயவில் எனக்கும் வியர்ப்பதில்லை.

நேற்று அந்தப் பழைய செர்வரை அணைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தோம். பழையதற்கு நாங்கள் கொடுத்திருந்த கட்டளைகளையெல்லாம் புதியதற்கு வரிவரியாக மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே மாற்றி, பிறகு நானே ஓடோடிப் போய்த் திருப்பி மாற்றிய வரி. அந்த ஒரு வரியைப் பற்றிச் சொன்னாலே அக்காவின் கேள்விக்குப் பதிலாகிவிடும். என் தலைக்கனமும் ஊருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும், நான்தான் கடல் தாண்டி இருக்கிறேனே.

2

என் கணவருக்கு இங்கே ஃபாக்டரியில் இஞ்சினியர் வேலை. அவர் முதலில் வந்தார். ஆறு மாதம் கழித்து நானும் மகள் யாழினியும் வந்தோம். வந்த புதிதில் எதிர்வீட்டு அம்மா காலையில் என்னைப் பார்த்ததும் "பசியாறியாச்சா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தால் பட்டினி கிடப்பவள் மாதிரியா தெரிகிறது என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. காலைச் சாப்பாட்டைத்தான் இங்கே அப்படி அழகாகச் சொல்கிறார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். இங்கே அதற்கு வேலை அதிகம்.

இங்கே குடிநுழைவு என்று சொல்லும் இமிக்ரேஷன் ஆபீசில் அதற்கு முழுநேர வேலை. வேலை பார்க்க எனக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஏழு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் கவுன்ட்டரில் இருந்தவர் பாரத்தைப் பார்த்துவிட்டு, குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது என்று திருப்பித் தந்தார். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கட்டம் காலியாக இருந்தால் என் விண்ணப்பம் உள்ளேயே போகாது என்றார். ஏழாவது தடவை அவரே பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். உள்ளே போய்விட்டது. வீட்டுக்கு வந்து, ஒரு காலிக் கட்டத்துக்காக ஒரு மனுஷியை ஏழு தடவை அலைய விடுவார்களா என்று ஒரு வாரம் புலம்பினேன்.

யாழினிக்கு அப்போது நான்கு வயது. நான் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, ஜாங்ஙான் மாரா லா" என்றாள். கோபப்படாதேம்மா என்று அர்த்தம். பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இப்போது அவளுக்கு எட்டு வயது. பெரியம்மாவுக்குக் கடிதம் எழுது என்றால் முதல் வரி தமிழில் இருக்கும், இரண்டாவது வரி ஆங்கிலத்துக்குப் போகும், மூன்றாவது வரியில் மலாய்க்காரப் பிள்ளைகளோடு ஆடிய ஆட்டத்தின் பெயர்கள் வரும். நான்காவது வரி வருவதே இல்லை, பூனைப் படம் போட்டு முடித்துவிடுவாள். கை நழுவிப் போகிறாளோ என்று சில சமயம் கவலை வரும். அவள் சிரிப்பதைப் பார்த்தால் அந்தக் கவலை போய்விடும்.

3

எனக்கு வேலை கிடைத்தது மலாக்கா டவுனில் ஒரு பஸ் கம்பெனியில். ஊர் விட்டு ஊர் போகும் பஸ் அல்ல. எலெக்ட்ரானிக் ஃபாக்டரிக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ். மெர்லிமாவ், சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்களின் பெண்கள் இப்போது வெள்ளைத் தொப்பியும் வெள்ளை அங்கியும் போட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத சில்லுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பொருத்துகிறார்கள். மூன்று ஷிஃப்ட். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் யார் யார், எந்த பஸ்ஸில், எந்த இடத்தில் ஏறுவார்கள் என்று பட்டியல் அச்சடித்து டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல்தான் நான்.

அக்கா, இதைக் கவனமாகக் கேள். செர்வருக்குள் இரண்டு நோட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள். ஒரு நோட்டில் வேலைக்குப் போகும் பெண்களின் பெயர்கள். இன்னொன்றில் பஸ் நிற்கும் இடங்கள். பட்டியல் வேண்டும் என்றால் செர்வர் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதை நான் ஒரு வரியில் அதற்கு எழுதிக் கொடுத்துவிடுவேன். அது இரண்டு விதம். முதல் விதத்தில், பெயர் நோட்டில் இருக்கும் எல்லோரையும் எடுக்கும், யாருக்காவது இடம் எழுதாமல் இருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடும். இரண்டாவது விதத்தில், இரண்டு நோட்டிலும் இருப்பவர்களை மட்டும் எடுக்கும், மற்றவர்களைத் தொடவே தொடாது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் விதம்தான் இருந்தது. பட்டியல் வர இருபது நிமிடம் ஆகும். எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, அந்த இருபது நிமிடமும் பிரிண்டர் பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவார். சீனர், அறுபதை நெருங்குபவர், மெர்லிமாவில் பிறந்து வளர்ந்ததால் நம் தமிழ் கொஞ்சம் பேசுவார். எனக்கு அந்தப் பெருமூச்சு தாங்கவில்லை. செர்வரோடு வந்த தடித்த புத்தகத்தை ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். அதில் விஷயம் தெளிவாக இருந்தது. முதல் விதத்தில் செர்வர் கட்டாயம் ஆட்களிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஆயிரக்கணக்கான பேரை ஒவ்வொருவராகப் பார்த்துப் போகும். இரண்டாவது விதத்தில் எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். இடங்கள் நூற்றுச் சொச்சம்தான். அங்கிருந்து தொடங்கினால் வேலை பறக்கும்.

அந்த வரியை மாற்றினேன். இருபது நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அதோடு இன்னொரு லாபமும் தெரிந்தது. முன்பெல்லாம் பட்டியலில் அங்கங்கே பல்லுப்போன மாதிரி காலிக் கட்டங்கள் இருக்கும். இப்போது ஒன்றுகூட இல்லை. தவுக்கே காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, ரொம்பச் சுத்தம் என்றார். அன்று எல்லோருக்கும் சென்டோல் என்ற ஐஸ் பானம் வாங்கிக் கொடுத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் காலிக் கட்டங்கள் எங்கே போயின என்று ஒரு நொடிகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை.

4

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம் கேட்டது. தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு பெண் என் அறைக்குள் வந்து நின்றார். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஃபாக்டரியின் நீலச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, கையில் மடித்த கடிதம்.

"மேடம், எம்பேரு பார்வதி. ரெண்டு நாளா பஸ்ஸு என்னப் பாத்துக்கிட்டே போவுது, நிக்க மாட்டேங்குது. கேட்டா லிஸ்ட்ல பேரு இல்லயாம். ஏன் இல்ல?"

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு அசடு வழிகிறது. நான் நாற்காலியைத் திருப்பக்கூட இல்லை. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது, நீங்கள் பாரத்தைச் சரியாகக் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று சொன்னேன்.

"பாரம் குடுக்காமயா மூணு வாரம் வேலைக்குப் போனேன்? அப்ப யாரு மேடம் என்ன ஏத்திட்டுப் போனது, பேயா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கடிதத்தை என் மேஜையில் பிரித்து வைத்தார். ஃபாக்டரி கொடுத்த எச்சரிக்கைக் கடிதம். அவர் வேலைக்குச் சேர்ந்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. அந்த மூன்று மாதத்துக்குள் மூன்று நாள் வராமல் இருந்தால் வேலை போய்விடும், வேறு பேச்சே கிடையாது. திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று. அன்று மத்தியானம் மூன்று மணி ஷிஃப்டுக்கு அவர் போய்ச் சேராவிட்டால் மூன்று.

அவர் இருப்பது சுங்கை ரம்பாய்க்கும் மெர்லிமாவுக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில். அந்தத் தோட்டத்தைப் பாதி வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டாயிற்று. பால் வெட்டு நின்று ஒரு வருடம் ஆகிறது. புருஷன் லாரியில் வாரக்கணக்கில் வெளியூர் போய்விடுவார். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. ஸ்கூலுக்குப் போன பெரிய மகள் ஒன்றே காலுக்கு வந்த பிறகுதான் இவர் வீட்டை விட்டுக் கிளம்ப முடியும். ஒன்றரைக்கு பஸ். அடுத்த ஸ்டாப் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அன்று ஒருநாள் பக்கத்து வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி மாமியாரை ஒப்படைத்து, அவர்களுடைய மோட்டார் சைக்கிளையே இரவல் வாங்கிக்கொண்டு இத்தனை தூரம் ஓட்டி வந்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பெயர் நோட்டைத் திறந்து பார்த்தேன். பார்வதி இருக்கிறார். ஷிஃப்ட் இருக்கிறது, பஸ் எண் இருக்கிறது. ஏறும் இடம் காலி. எந்த ஸ்டாப் அக்கா என்று கேட்டேன். ஸ்டாப் என்று ஒன்றும் இல்லை, நான் நிற்பேன், முனியாண்டி அண்ணன் நிறுத்துவார் என்றார். முனியாண்டி அண்ணன் அந்த பஸ்ஸின் பழைய டிரைவர். பட்டியலைக் கொடுத்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆட்களைப் பார்த்தே பஸ்ஸை நிறுத்துகிறவர். போன சனிக்கிழமைதான் ஓய்வு பெற்றார். திங்கட்கிழமை வந்த புது டிரைவர் ரஹீம் பட்டியலில் இருப்பதை மட்டும் பார்க்கிறவர்.

எனக்குப் புரிந்துவிட்டது. காலிக் கட்டங்களோடு ஆட்களையும் என் வரி தள்ளிவிட்டிருக்கிறது. அதே பஸ்ஸில் இடம் எழுதாதவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று தேடினேன். பார்வதியோடு சேர்த்து ஏழு பேர். மற்ற ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று அவரிடமே கேட்டேன். அவர்களா, அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்து போய், அங்கே ஏறுகிறவர்களோடு சேர்ந்து ஏறிக்கொள்கிறார்கள் என்றார். கம்ப்யூட்டர் மாற்றிவிட்டதாம், அதனால் நடக்கிறார்களாம். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலிக் கட்டத்துக்காக என்னை ஏழு தடவை அலையவிட்டார்கள் என்று ஒரு வாரம் புலம்பியவள் நான். நான் அந்தக் கவுன்ட்டர்காரரைவிட மோசம். அவராவது ஒரு கோடு போட்டு உள்ளே அனுப்பினார்.

"அக்கா, தப்பு என்னோடது," என்றேன். "நீங்க வீட்டுக்குப் போங்க. ஒண்ணரைக்கு எப்பவும் நிக்கிற எடத்துல நில்லுங்க."

"பஸ்ஸு நிக்குமா?"

நிற்கும் என்று சொன்னேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

5

அவர் பெயரைப் பேனாவால் எழுதிவிடலாமே என்று நீ கேட்பாய். எழுத முடியாது. முன்பு டிரைவர்கள் தங்கள் மச்சினர், மாமா பெயரையெல்லாம் பட்டியலில் எழுதி ஓசியில் ஊர் சுற்றிக் காட்டியதால், கையால் எழுதிய பெயர் செல்லாது என்பது தவுக்கேயின் சட்டம். புது ஸ்டாப் ஒன்றைச் சேர்க்கலாமே என்றால், இடங்களின் நோட்டு எங்களுடையதே அல்ல. அது ஃபாக்டரியிலிருந்து வருவது. ஒரு ஸ்டாப் சேர்க்க மூன்று பிரதியில் பாரம் கொடுத்து ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். பக்கத்து ஸ்டாப்பின் பெயரை அவருக்குப் போட்டுவிட்டால், பஸ் பக்கத்து ஸ்டாப்பில்தான் நிற்கும். மிச்சம் இருந்தது என் வரி ஒன்றுதான்.

தவுக்கேயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் இருக்கும் நேரத்தில் செர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும், பட்டியல் பழையபடி இருபது நிமிடம் ஆகும், காலிக் கட்டங்கள் திரும்ப வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சுத்தமான பட்டியலை ஃபாக்டரி மேனேஜரிடம் காட்டிப் பெருமை அடித்திருக்கிறார், பாவம். அழுக்குப் பட்டியலை எப்படிக் கொடுப்பது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, என் மேல் வரவேண்டிய கோபம் அவர் மேல் பாய்ந்தது. ஃபாக்டரி நம்மிடம் கேட்பது காகிதத்தையா, ஆட்களையா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் முதலாளியிடம் கேட்கிறோம் என்பது உறைத்தது.

அவர் ஆறிப்போன காப்பியை ஒரு வாய் குடித்தார். பிறகு எழுந்து போய், பத்து நிமிடத்துக்கு யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று ஆபீஸ் முழுக்கச் சத்தம் போட்டார்.

பதினொன்று இருபதுக்கு வரியை மாற்றினேன். ஆட்களிலிருந்து தொடங்கு, எல்லோரையும் எடு, இடம் இல்லாவிட்டால் காலியாக விடு. செர்வர் நின்றது, எழுந்தது. பட்டியல் ஓட ஆரம்பித்தது. பஸ் பன்னிரண்டுக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் பிரிண்டர் ஊசி ஊசியாகக் குத்தி எழுதுகிற ரகம், பஸ் எண் வரிசைப்படிதான் வரும். மெர்லிமாவ் பஸ் பதினோராவது. நானும் தவுக்கேயும் அதன் பக்கத்தில் நின்று ஒன்றாகப் பெருமூச்சு விட்டோம். பன்னிரண்டடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது பதினோராவது தாள் வந்தது. இடம் காலியாக இருப்பவர்கள் வரிசையில் முதலில் வருவார்கள் என்பதால் தாளின் தலையிலேயே அந்த ஏழு பேரும் இருந்தார்கள். அதில் நான்காவது பெயர் பார்வதி.

கிழித்துக்கொண்டு கீழே ஓடினேன். ரஹீம் என்ஜினைப் போட்டுத் தயாராக இருந்தார். ஐம்பது வயது மலாய்க்காரர், எல்லோரும் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிடுவார்கள். தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். இந்த ஏழு பேரும் எங்கே ஏறுவார்கள் என்று மலாயில் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரியாது. அடுத்த நிமிடம் நான் பஸ்ஸில் ஏறி அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

6

ஒரு வருடத்துக்கு மேலாக அந்த பஸ்களுக்குப் பட்டியல் போட்டவள், அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒன்றில் ஏறினேன். சுங்கை ரம்பாய் வரை காலியாகப் போய், அங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். சுங்கை ரம்பாயில் ஒன்பது பெண்கள் ஏறினார்கள். நான் எழுந்து நின்று தாளைப் பார்த்து, இந்த ஏழு பேர் நிற்கும் இடம் யாருக்காவது தெரியுமா என்று பெயர்களைப் படித்தேன்.

அதற்குப் பிறகு பஸ்ஸுக்குள் நடந்ததைச் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது. ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். செல்வராணியா, அவள் பழைய பால் ஸ்டோர் பக்கம். இல்லை இல்லை, அங்கே நாய் தொல்லை, இப்போது வேப்பமரத்துக்கு மாறிவிட்டாள். லூர்துமேரி சிலுவை வைத்த வீட்டைத் தாண்டி இரண்டாவது பாலம். ஒருத்தி பேசிக்கொண்டே முன்னால் வந்து ரஹீமுக்கு மலாயில் வழி சொல்ல ஆரம்பித்தாள். அவர் தலையைத் தலையை ஆட்டினார். செல்வராணி உண்மையிலேயே வேப்பமரத்தடியிலிருந்து அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். பஸ் பக்கத்தில் வந்து நின்றதும் பயந்து ஒதுங்கி நின்றாள். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நடந்துகொண்டிருந்த மூன்று பேரை இப்படி வழியிலேயே அள்ளிக்கொண்டோம். ஏறிய ஒவ்வொருத்திக்கும் வாயெல்லாம் பல். எனக்கும்தான்.

இதிலெல்லாம் நேரம் போனது. பார்வதியின் தோட்டத்தை நெருங்கும்போது மணி ஒன்று நாற்பத்தைந்து. பதினைந்து நிமிடம் தாமதம். பஸ் வரவில்லை என்று அவர் திரும்பிப் போயிருந்தால் என்ன செய்வது என்று எழுந்து நின்று ரோட்டையே பார்த்தேன். நான் நிற்கும் என்று சொல்லியிருந்தேன், எத்தனை மணிக்கு நிற்கும் என்று சொல்லவில்லை.

ரோட்டின் வளைவில், செம்பனைக் கன்றுகளுக்கு முன்னால், ஒரு குடை தெரிந்தது. பார்வதி அக்கா குடைக்குக் கீழே நேராக நின்றுகொண்டிருந்தார். முதல் இரண்டு நாளும் குடையை ஆட்டிக் காட்டினாராம், அன்றைக்குக் கையைக்கூட அசைக்கவில்லை. பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். ரஹீம் பிரேக் போட்டார். பஸ் சரியாக அவர் முன்னால் நின்று கதவு திறந்தது.

படியில் ஏறியவர் என்னைப் பார்த்தார். குடையை மடக்கினார்.

"நீயே வந்துட்டியா தங்கச்சி," என்றார்.

காலையில் நான் மேடம். நான்கு வருடத்தில் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்ததில் அந்த வார்த்தைதான் பெரிது. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கத் தாளைப் பார்த்து அடுத்த பெயரைச் சத்தமாகப் படித்தேன். அந்த அடுத்த பெயர்க்காரி பக்கத்துத் தோட்டத்துக்காரி, அவளுக்கும் வழி சொல்ல இப்போது பார்வதி அக்காவும் சேர்ந்துகொண்டார்.

மெர்லிமாவில் இருபது பேர் ஏறினார்கள். அங்கிருந்து ரஹீம் பஸ்ஸை ஓட்டிய வேகத்தைப் பற்றி நான் எழுதினால் தவுக்கேக்குத் தெரிந்துவிடும், வேண்டாம். ஃபாக்டரி வாசலில் இறங்கியபோது மூன்றுக்கு ஏழு நிமிடம் இருந்தது. பெண்கள் ஓடினார்கள். அட்டை குத்தும் மெஷின் முன்னால் வரிசை. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பார்வதி அக்காவின் முறை வந்தது. அட்டையைக் குத்தி எடுத்து, அதில் இருந்த மணியைப் பார்த்து, திரும்பி எனக்குக் காட்ட அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அத்தனை தூரத்திலிருந்து எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. ஆனாலும் கையை ஆட்டினேன்.

7

மறுநாள் அந்தத் தடித்த புத்தகத்தை மறுபடியும் திறந்தேன். இந்தத் தடவை அவசரப்படாமல் படித்தேன். ஆட்களிலிருந்தே தொடங்கட்டும், ஆனால் பஸ் எண்ணையும் ஷிஃப்டையும் வைத்து ஆட்களைத் தேடுவதற்கு ஒரு அகராதி வரிசை போட்டுக் கொடுத்துவிடலாம் என்று அதில் இருந்தது. முதல் தடவை அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். போட்டுக் கொடுத்தேன். இருபது நிமிடம் நான்கு நிமிடத்துக்கு வந்தது. தவுக்கே ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் பட்டியல் வந்துவிடும். காலிக் கட்டங்களோடுதான் வந்தது, அவர் அதை அப்படியே டிரைவர்களிடம் கொடுத்தனுப்பினார்.

ஏழு பேரின் இடங்களையும் சேர்க்க ஃபாக்டரிக்கு மூன்று பிரதியில் பாரம் கொடுத்தேன். அந்தப் பாரத்தில் ஸ்டாப்பின் பெயர் என்று ஒரு கட்டம். காலியாக விடக்கூடாது என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த இடங்களுக்கு எந்தப் பெயரும் கிடையாது. இரண்டாவது பாலம் என்று எழுதினால் எத்தனையோ இரண்டாவது பாலம் இருக்கிறது. யோசித்துப் பார்த்துவிட்டு, அங்கே நிற்பவர்களின் பெயரையே எழுதினேன். செல்வராணி, லூர்துமேரி, பார்வதி. ஒரு வாரத்தில் சிவப்பு முத்திரையோடு திரும்பி வந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பார்வதி அக்காவுக்கு மூன்று மாதம் முடிந்து வேலை நிரந்தரமானது. அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம்தான் கொண்டுவந்தார். பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என்னை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தடவை யாழினியைக் கூப்பிட்டு அவளைப் படிக்கச் சொன்னார், நான் எதையாவது விட்டுவிட்டேனா என்று பார்ப்பதற்காம். அவள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நான் சொல்லிக் கொடுக்காமலே ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி நான் அவ்வளவாகப் புலம்புவதில்லை.

போன வருடம் பார்வதி அக்கா மெர்லிமாவில் வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமியாருக்கு ஒரு தனி அறை, மகளுக்குப் படிக்க மேஜை. ஃபாக்டரியில் இப்போது புதிதாக வரும் பெண்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பது அவர்தான்.

நேற்று புதிய செர்வரில் அந்த வரியைப் போட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க மெர்லிமாவ் பஸ்ஸின் பட்டியலை முதலில் அச்சடித்தேன். பார்வதி ஸ்டாப்பில் ஐந்து பேர். எல்லோரும் இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள், அங்கே ஏறுகிறார்கள். பஸ் மெர்லிமாவுக்கு வருவதற்குள் கூட்டம் நிரம்பிவிடும். ஆனாலும் மெர்லிமாவில் ஏறும் பார்வதி அக்கா நின்றுகொண்டு போவதில்லை என்று ரஹீம் பாக்சிக் சொன்னார். பார்வதி ஸ்டாப்பில் ஏறும் ஐந்து பேரும் தினமும் அவருக்கு ஒரு சீட் பிடித்து வைத்துவிடுகிறார்களாம்.